சூட்டில் இறங்கும் எண்

“பொய் சொல்லாத. திரும்பவும் பால்கட்டி ஏத்தினியா இல்லையா?”

“ஏத்தல.”

“பின்ன இது என்னது? வானத்துலேர்ந்து விழுந்துச்சா?”

“எனக்கென்ன தெரியும்? காருக்கு நீதான் டாக்டர். நான் வெறும் டிரைவர்.”

“டிரைவர்னா டிக்கியில என்ன வச்சோம்னுகூட மறந்துபோகுமா?”

உயங்கா டார்ச்சை இன்னும் கிட்டே பிடித்தாள். பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற காரின் பின்பக்கம், பெரிய பேட்டரியை ஒட்டி உட்கார்ந்திருந்த ஜங்ஷன் பாக்ஸின் மூடி திறந்து கிடந்தது. உள்ளே செம்புப் பட்டையின் ஓரத்தில் தொடங்கி இரும்புத் தாங்கி வரைக்கும் வெள்ளையாக ஒன்று படர்ந்திருந்தது, ஜன்னல் கண்ணாடியில் பூக்கும் உறைபனி மாதிரி கிளை கிளையாக. பார்க்க அழகாக வேறு இருந்தது. அதில்தான் அவளுக்கு எரிச்சல்.

தாம்தின், பட்டறையாக மாற்றிய கன்டெய்னரின் வாசலில் நின்று காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தான். அவள் புருஷன். வாரத்துக்கு இரண்டு முறை தலைநகரத்திலிருந்து செத்செர்லெக் ஊர் வரை போய்த் திரும்பும் ஷேர் டாக்ஸி அவனுடையது. அந்தப் பக்கத்து அம்மாக்கள் குளிர்காலத்தில் பாலைக் கிண்ணம் கிண்ணமாக உறையவைத்து, வட்டக் கட்டிகளைச் சாக்குப்பையில் போட்டு, தலைநகரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு யார் காரிலாவது கொடுத்தனுப்புவார்கள். போன மாதம் இதே வெள்ளையைப் பெட்டிக்குள் பார்த்தபோது, கட்டி உருகி ஒழுகியிருக்கிறது என்று உயங்கா தீர்ப்பு எழுதிவிட்டாள். அன்றிலிருந்து அவன் காரில் பாலுக்கு இடமில்லை.

“ஏத்தலன்னா ஏத்தலதான்,” என்றான் தாம்தின். “சோல்மாம்மா ரெண்டு தடவை பையோட வந்து நின்னாங்க. முடியாதுன்னுட்டேன். ‘உன் காரு என்ன கோயிலா, பால் பட்டா தீட்டாயிடுமா’ன்னு ஸ்டாண்டு முழுக்கக் கேக்கற மாதிரி கேட்டாங்க. எல்லாம் உன்னாலதான்.”

பக்கத்துக் கன்டெய்னரில் டயர் கழற்றிக்கொண்டிருந்த பூரேவ் தலையை நீட்டினான். உயங்காவின் அண்ணன். “மாப்ள, பேசாம ஒத்துக்க. சின்ன வயசுல நான் திருடாத தயிர்க்கட்டியவே திருடினதா ஒத்துக்கிட்டவன் நான். இவகிட்ட வாதம் பண்றதுக்கு அது சுலபம்.”

“நீ திருடினதாலதான் ஒத்துக்கிட்ட,” என்றாள் உயங்கா, திரும்பிப் பார்க்காமல்.

விளையாட்டாகத்தான் பேசினார்கள். ஆனால் மூன்று பேருமே தாம்தினின் இடது காலைப் பார்க்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தார்கள். போன மாதம் கணவாயின் உச்சியில், பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தேழு டிகிரியில், டாஷ்போர்டில் சிவப்பு எச்சரிக்கை முக்கோணம் எரிந்து, கார் மூச்சை நிறுத்திவிட்டது. உள்ளே மூன்று பயணிகள். ஸ்டெப்னி டயரைக் கொளுத்தி, அந்தக் கறுப்பு நெருப்பைச் சுற்றி இரண்டரை மணி நேரம் நின்றிருந்தார்கள். லாரி ஒன்று வந்து சேர்ந்தபோது தாம்தினுக்குக் கால் இருப்பதே தெரியவில்லை. இரண்டு கால்விரல் நுனிகள் போய்விட்டன. அப்புறம் உயங்கா பெட்டியைத் திறந்து, துடைத்து, அளந்து பார்த்து, “சரியாயிடுச்சு, போ” என்றாள். நேற்று சாயங்காலம், நல்ல வேளையாக ஊர் எல்லைக்கு வந்த பிறகு, அதே முக்கோணம் திரும்ப எரிந்தது.

நாளைக்குப் பித்தூன், பழைய வருஷத்தின் கடைசி இரவு. அன்றைக்கு வயிறு நிறையாதவனுக்கு வருஷம் முழுக்க நிறையாது. இன்றைக்கு மதியம் ஸ்டாண்டில் மூன்று பேர் காத்திருப்பார்கள், வீட்டுக்குப் போக. போகிறேன் என்று தாம்தின் வாக்குக் கொடுத்துவிட்டான். அவள் சரியாயிடுச்சு என்று சொன்னால் போவான். போன மாதமும் அவள் சொல்லித்தான் போனான்.

பேட்டரியைத் துண்டிக்கும் ஆரஞ்சு நிறப் பிளக்கை அவள் ஏற்கெனவே உருவித் தன் மேலங்கிப் பைக்குள் போட்டிருந்தாள். அது பைக்குள் இருக்கும்வரை யாரும் தெரியாமல் திரும்பச் சொருகிவிட முடியாது. பத்து நிமிஷம் காத்திருந்துவிட்டு, ரப்பர் கையுறையோடு மீட்டரை வைத்துப் பார்த்தாள். பூஜ்யம். பெட்டி தூங்குகிறது.

இந்தப் பெட்டி அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். யாரிடமும் சொன்னதில்லை. உள்ளே மூன்று ரிலேக்கள், மூன்று கதவுகள். கார் விழிக்கும்போது முதலில் ஒரு பக்கத்துக் கதவு. அடுத்துச் சின்னக் கதவு, அது மின்சாரத்தைக் குறுகிய வழியாக மெள்ள மெள்ள விடும். கடைசியில்தான் பெரியது. குதிரைப் பட்டியைத் திறக்கிற அதே முறை. ஒரேயடியாகத் திறந்தால் மந்தை கம்பத்தையே முறித்துக்கொண்டு ஓடிவிடும். டிக், டிக், டொக். காலையில் முற்றத்தில் அந்த மூன்று சத்தம் கேட்டால், பேட்டரியின் இருநூறு வோல்ட்டும் இருநூறு வெள்ளைக் குதிரைகளாகப் பனியில் ஓசையில்லாமல் வெளியேறுவதை உயங்கா பார்ப்பாள்.

அவன் போகும் பாதையையும் அவள் இந்தக் காரின் வழியாகத்தான் அறிவாள். பேட்டரிக்குக் காற்று ஊதும் விசிறியைக் கழற்றித் துடைக்கும்போது, வலையில் சிக்கியிருப்பதை ஒரு செய்தித்தாளில் உதறுவாள். மணல் நிறத்தூள் என்றால் சமவெளி. சிவப்பென்றால் கணவாய். ஒரு தடவை நாய் முடி, ஒரு தடவை யாருடைய சட்டையிலிருந்தோ உதிர்ந்த நீல நூல், ஒரு தடவை இன்னும் வாசனை போகாத ஒரு காட்டுப்பூவிதை.

“என்ன நம்பர் காட்டுது?” என்றான் தாம்தின்.

மீட்டரின் ஒரு முனை செம்புப் பட்டையில், இன்னொரு முனை காரின் இரும்பில். நடுவில் எவ்வளவு பெரிய மதில் இருக்கிறது என்று அந்த மீட்டர் சொல்லும். எண் பெரிதாக இருந்தால் நல்லது.

“ஐந்நூத்தி இருபது.”

“நல்லதா?”

“ரொம்ப நல்லது.”

“அப்புறமென்ன! நேத்து ஏதோ கோளாறு. மனுஷனுக்கே தும்மல் வருது, காருக்கு வரக்கூடாதா?”

உயங்கா மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. போன மாதமும் இதே எண்தான். இதே கன்டெய்னர், இதே குளிர், வாயைத் திறந்தால் பல் கூசுகிற இதே காற்று. அன்றும் இவ்வளவு பெரிய மதில் இருந்தது. ஆனால் கார் நிற்பது ஓடி ஓடி உள்ளே கதகதப்பான பிறகுதான். நான்கு பேரின் மூச்சு கண்ணாடியில் வியர்க்கும்போது. அவள் அளந்ததோ உறைந்து கிடந்த பெட்டியை. தூங்குகிறவனைப் பார்த்து இவன் ரொம்பச் சாது என்று சொன்ன மாதிரி.

“அண்ணே, இத வீட்டுக்குள்ள தூக்கிட்டுப் போகணும். ஒரு கை பிடி.”

“பெட்டியையா? சமைக்கப் போறியா?”

“ஆமா. உனக்கு ரெண்டு ரிலே எடுத்து வைக்கறேன்.”

போல்ட்டுகளைக் கழற்றி, வயர்களின் நுனிக்கெல்லாம் டேப் சுற்றி, பெட்டியைத் துணியில் பொதிந்து, முற்றத்தைக் கடந்து அவர்கள் வீடான கம்பளிக் கூடாரத்துக்குள் கொண்டுபோனார்கள். அடுப்பில் நிலக்கரி கனன்றுகொண்டிருந்தது. தாழ்வான ஆரஞ்சு மேசையில், பண்டிகைக்காக அடுக்கி வைத்த நீள ரொட்டிகளைத் தள்ளிவிட்டுப் பெட்டியை வைத்தாள். மீட்டரை மாட்டினாள். கூரையின் வட்டத் திறப்பு வழியாக வெயில் சாய்ந்து விழுந்து, பெட்டியின் மேல் உட்கார்ந்தது.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு குளிர்ந்த செம்பின் மேல் மூச்சுப் பட்டது போல ஒரு மங்கல் படிந்தது. வெள்ளைக் கிளைகளின் நுனி கறுக்கத் தொடங்கியது.

ஐந்நூறு. முந்நூற்றுப் பத்து.

“இறங்குது,” என்றான் தாம்தின், ரகசியம் சொல்வது போல.

தொண்ணூறு. முப்பத்திரண்டு. எண்கள் அவசரப்படவில்லை. மலையிலிருந்து ஆடுகள் இறங்குவது போல, நின்று, யோசித்து, இறங்கின. ஏழு. மூன்று. அப்புறம் ஒன்றுக்கும் கீழே போய், அரைக்கும் கீழே போய், அங்கேயே படுத்துக்கொண்டது. சுத்தமான பெட்டியில் வெறும் பனித்துளி இவ்வளவு செய்யாது. மதில் இருந்த இடத்தில் இப்போது ஈரமான பாதை ஒன்று இருந்தது. மின்சாரம் அதில் செருப்பில்லாமல் நடந்து காரின் இரும்புக்குப் போய்விடும். கார் அதைக் கண்டுபிடித்து, பயந்து, மூன்று கதவையும் சாத்திவிடும். கணவாயாக இருந்தாலும் சரி, எதுவாக இருந்தாலும் சரி.

“போன மாசம் நான் தப்பா அளந்தேன்,” என்றாள் உயங்கா. “குளிர்ல அளந்தேன்.”

தாம்தின் அவள் முதுகில் லேசாகத் தட்டினான். அந்தத் தட்டலைத் தாங்குவது கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் வாசனை வந்தது. சூடேறிய பெட்டியிலிருந்து, மெல்லிதாக, கொஞ்சம் புளித்து, கொஞ்சம் இனிப்பாக. உயங்கா அடுப்பைப் பார்த்தாள். கெண்டியில் வெறும் வெந்நீர்தான் இருந்தது.

“பால்தான்,” என்றான் பூரேவ், மூக்கை உறிஞ்சி. “மாப்ள, மாட்டிக்கிட்ட.”

“எங்கம்மா மேல சத்தியமா நான் ஏத்தல!”

இந்தத் தடவை உயங்கா அவனை நம்பினாள். மேலேயிருந்து வந்த கறை அது. கட்டி உருகியிருந்தால் டிக்கியின் தரையில் குளமாக நின்று, பெட்டியின் அடியைத்தான் தொட்டிருக்கும். இங்கே மூடியின் மேல் மூலையில் ஆரம்பித்திருக்கிறது. இதையும் போன மாதமே பார்த்திருக்கலாம். பழி போட ஆள் கிடைத்துவிட்டதால் பார்க்கவில்லை.

கெண்டியை எடுத்துக்கொண்டு திரும்பக் கன்டெய்னருக்குப் போனார்கள். உயங்கா டிக்கிக்குள் மல்லாந்து படுத்து, உட்புறத் துணியை விலக்கி, டார்ச்சை மார்பின் மேல் நிறுத்திக்கொண்டாள். பின்கதவை மூடச் சொன்னாள்.

“இப்ப மேலேர்ந்து ஊத்து அண்ணே. கண்ணாடி மேல. மெதுவா.”

மூடிய கதவுக்குள் உலகம் சின்னதாகிவிட்டது. கண்ணாடிக்கு வெளியே பூரேவின் பெரிய கையும் கெண்டியும், தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பது போல அசைந்தன. வெந்நீர் கண்ணாடியில் வழிந்து, ஆவியாகி, பூவாக உறைந்தது. வெகு நேரம் எதுவும் நடக்கவில்லை. உலகம் முழுவதும் இப்படியே மெள்ள வழிந்துகொண்டிருக்கும் என்றும், தான் இங்கேயே படுத்திருப்போம் என்றும் அவளுக்குத் தோன்றியது. பிறகு கதவின் மேல் கீலுக்குப் பக்கத்தில், வயர்கள் உள்ளே நுழைகிற ரப்பர் உறையில், ஒரு துளி பிறந்தது. குளிரில் வெடித்த ரப்பர். துளி தயங்கியது. வயரைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. வளைவில் நின்று கனத்தது. சொட்டியது. பெட்டி இருந்த இடத்தின் மேல் மூலையில், சரியாக.

அந்த வயர் நெடுக, துணிக்குப் பின்னால், ஒரு வெளிர்பழுப்புக் கோடு காய்ந்து கிடந்தது. கையுறையைக் கழற்றி நகத்தால் சுரண்டினாள். முகர்ந்தாள். நாக்கு நுனியில் வைத்தாள்.

உப்பு.

பால்கட்டியில் யாரும் உப்புப் போடுவதில்லை. உப்பும் பாலும் தேயிலையும் சேர்ந்தால் அது டீ. இவ்வளவு உப்புப் போட்டு டீ வைக்கிறவள் இந்தத் தெருவில் ஒருத்திதான். கல்யாணமான புதிதில் தாம்தின் சொல்வான், உன் டீயில் ஒட்டகத்தைக் கட்டினால் நக்கிக்கொண்டே நிற்கும் என்று.

உயங்கா அப்படியே படுத்திருந்தாள்.

காலையில் கொதித்ததும் முதல் கரண்டி டீ வானத்துக்கு. எல்லா வீட்டிலும் அப்படித்தான். புருஷன் வழிப்பயணம் கிளம்பும் நாளில் இன்னொரு கரண்டி, போகிறவனின் பின்னால், வழித்துணையாக. மற்ற பெண்கள் வாசலில் நின்று காற்றில் வீசிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அவளும் அப்படித்தான் வீசிக்கொண்டிருந்தாள், போன குளிர்காலம் வரைக்கும். ஒரு நாள் கரண்டியிலிருந்த டீ கார் வரை எட்டாமல் நடுவிலேயே விழுந்தது. அன்றைக்கு மத்தியானம் கார் பள்ளத்தில் உருண்டு தாம்தினின் தோள் எலும்பு முறிந்தது. அதற்கப்புறம் அவள் எதையும் காற்றின் பொறுப்பில் விடவில்லை. காருக்கு ஒட்டி நின்று, பின்கண்ணாடியின் உச்சியில், நன்றாக நனையும்படி ஊற்றினாள். ஒரு கரண்டி போதாதென்று தோன்றிய நாட்களில் இரண்டு. கணவாயில் நின்றுபோன அன்று மூன்று. அவளுக்கு ஞாபகம் இருந்தது, அன்று குளிர் அதிகம் என்பதால்.

கூரைத் தகட்டில் பூரேவ் தட்டினான். “என்ன, சத்தமே இல்ல? உள்ளயே தூங்கிட்டியா?”

“ரப்பர் வெடிச்சிருக்கு,” என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. “தண்ணி இறங்குது.”

“அவ்வளவுதானா! பனித்தண்ணி! நான் சொன்னேன்ல?” தாம்தின் சிரித்தது கேட்டது. “பாவம் சோல்மாம்மா. பாலை ஏத்தியிருக்கலாம்.”

மற்ற வேலைகளை அவள் கைகள் செய்தன. பெட்டியைக் கூடாரத்தில் பிரித்து, பல்துலக்கும் பிரஷ்ஷால், பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் முதலில் கழுவினாள், உப்பு தண்ணீரில்தான் கரையும் என்பதால். பிறகு ஸ்பிரிட். அரித்துப்போன ஒரு தாங்கியை எறிந்துவிட்டு, உடைத்த வண்டியிலிருந்து எடுத்துவைத்த ஒன்றைப் போட்டாள். அடுப்போரம் காயவைத்து, சூட்டிலேயே அளந்தாள். மேலே வேண்டுமென்றே ஒரு மூச்சு விட்டும் அளந்தாள். நானூற்று எண்பது. அசையவில்லை. செம்புப் பட்டை பண்டிகைக்குத் துலக்கிய கிண்ணம் போல மின்னியது.

ரப்பர்தான் பிரச்சினை. புது உறை பண்டிகை முடிந்து கடை திறந்தால்தான். பசை தடவினாள், இந்தக் குளிரில் அது பிடிக்காமல் மெழுகு மாதிரி உருண்டு வந்தது. கறுப்பு டேப்பைச் சூடுபடுத்திச் சுற்றினாள். வறண்ட பனிக்கு அது தாங்கும். கொதிக்கக் கொதிக்க ஒரு கரண்டி உப்பு டீக்குத் தாங்காது.

ஆரஞ்சு பிளக்கைச் சொருகி, ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். டிக், டிக், டொக். முக்கோணம் இல்லை.

மதியம் நெருங்கியது. தாம்தின் ரோமம் வைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு, சாக்குப்பையில் இறைச்சிக் கொழுக்கட்டைகளையும் இரண்டு நீள ரொட்டியையும் ஏற்றினான். காரை வாசல் வரை கொண்டுவந்து நிறுத்தி, கண்ணாடியை இறக்கினான்.

“எங்க உன் கரண்டி? சீக்கிரம். ஸ்டாண்டுல மூணு பேரும் இந்நேரம் என் பேரச் சொல்லித் திட்டிட்டிருப்பாங்க.”

கரண்டி அவள் கையில்தான் இருந்தது. டீ ஆவி பறந்தது. அவள் நகரவில்லை.

“தாம்தின். அது பனித்தண்ணி இல்ல.”

“எது?”

“பெட்டிக்குள்ள போனது. என்னோட டீ. ஒரு வருஷமா நான்தான் ஊத்தியிருக்கேன். உன் விரல் போனது என்னாலதான்.”

அவன் அவளையும் கரண்டியையும் பார்த்தான். தன் கன்டெய்னர் வாசலில் நின்றிருந்த பூரேவ் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். வேலிக்கு அப்பால் தெருவெல்லாம் நிலக்கரிப் புகை அசையாமல் நின்றது.

“அடிப்பாவி,” என்றான் தாம்தின் கடைசியில், மெதுவாக. “நான் ஒவ்வொரு தடவையும் அந்தக் கண்ணாடியத் துடைக்காமயே ஓட்டினேன். நீ ஊத்தினதாச்சேன்னு.”

“திட்டு.”

“திட்டறதுக்கு நேரமில்ல, திரும்பி வந்து திட்டறேன்.” ஸ்டீயரிங்கில் ஒரு தட்டு தட்டினான். “சரி, அதுக்கென்ன. தள்ளி நின்னு வீசு. வானத்தப் பாத்து. ஊர்ல எல்லாரும் அப்படித்தானே வீசறாங்க?”

“அதான, காரு மேல பட்டாத்தான் சாமிக்குக் கண்ணு தெரியுமா?” என்றான் பூரேவ்.

உயங்கா பத்தடி தள்ளிப்போய் நின்றாள். கையை உயர்த்தி, பாதையின் பக்கமாக வீசினாள். கொதிக்கும் டீ காற்றில் விரிந்தது, தரைக்கு வரவேயில்லை. குளிரில் மேலேயே வெடித்து, வெள்ளைப் பொடியாகி, ஒரு மூச்சைப் போலச் சுருண்டு, வெயிலில் கொஞ்ச நேரம் மினுங்கிவிட்டு, எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. பனியில் ஒரு துளி தடயம்கூட இல்லை. அவள் வெறும் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதையும் தொடாத ஒன்றை நம்பி நானூற்று அறுபது கிலோமீட்டர் ஒருவனை எப்படி அனுப்புவது?

மீட்டரில் நானூற்று எண்பது என்று அவளுக்குத் தெரியும். சூட்டில் அளந்த எண். ஆனால் அடுப்போரத்துச் சூடு வேறு, நான்கு பேர் மூச்சுவிட்டுக்கொண்டே கணவாய் ஏறும் சூடு வேறு. டேப் அங்கே என்ன செய்யும் என்பது அங்கே காதை வைத்துக் கேட்டால்தான் தெரியும்.

தாம்தின் கியரைப் போட்டான். கார் ஒரு முழம் நகர்ந்தது, சத்தமே இல்லாமல்.

உயங்கா கரண்டியைப் பனியில் குத்திவைத்துவிட்டு ஓடினாள். ஜன்னல் விளிம்பைக் கையுறையில்லாத கையால் பிடித்தாள். உலோகம் தோலைக் கவ்விக்கொண்டது, அவள் எடுக்கவில்லை. மூன்று பேர்தான் ஏறப்போகிறார்கள், ஒரு சீட்டில் ரொட்டி மட்டும்தான் இருந்தது.

“தாம்தின், ரொட்டிய மடியில வச்சுக்கறேன். மீட்டர் என் பையிலதான் இருக்கு. இந்தத் தடவை என்னையும் கூட்டிட்டுப் போ.”